ஆறிய புண், ஆறாத நோய்

நீரிழிவைப் பற்றியும் இரத்தக் கொதிப்பைப் பற்றியும் எழுதினால் முகம் சுளிப்பவர் இல்லை. கல்லாவில் உட்கார்ந்தே காலம் கழிக்கும் நம்மவருக்கு அவசியமான விஷயம் என்று நன்றியும் சொல்வார்கள். ஆனால் மேகநோயைப் பற்றிச் சங்கத்தின் ஏட்டில் எழுதலாமா, பெண்டு பிள்ளைகளும் புரட்டிப் பார்க்கும் ஏடாயிற்றே என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். அவர்களுக்கு நாம் கூறும் சமாதானம் ஒன்றே. ஓதுகிற பள்ளியில் பத்து வயதிலேயே குளிப்புக் கடமையையும், ஹைளையும், நிபாஸையும் பாடமாகக் கேட்டு வளர்ந்த சமுதாயம் நம்முடையது. பிக்ஹு நூல்கள் தாம்பத்திய விஷயங்களைச் சட்டமாகவே பேசுகின்றன. படிக்கிற வயதில் வெட்கப்படாதவர்கள், வியாதி வந்த வயதில் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வதால் குடும்பங்கள் கெடுகின்றன. ஆகவேதான் எழுதத் துணிந்தோம்.

நாம் எடுத்துக்கொண்ட வியாதிக்கு ஆங்கில வைத்தியத்தில் சிபிலிஸ் என்று பெயர். தமிழில் மேகப்புண், கிரந்தி, பரங்கிப் புண் என்று பல பெயர்கள் வழங்குகின்றன. யூனானி ஹக்கீம்கள் ஆதஷக் என்பார்கள். மேகம், வெட்டை என்ற சொற்களை நம்மவர் எல்லாவற்றுக்கும் பொதுவாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுண்டு. சிறுநீர் எரிந்து சீழ் வடிகிற வெட்டை நோய் வேறு. அதன் கிருமியும் வேறு, மருந்தும் வேறு. இங்கே நாம் பேசுவது சிபிலிஸைப் பற்றி மட்டுமே.

இதற்குப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. 1495-ம் ஆண்டில் பிரெஞ்சு மன்னன் எட்டாம் சார்லஸின் படை இத்தாலியிலுள்ள நேப்பிள்ஸ் நகரைப் பிடித்தபோது இந்த நோய் ஐரோப்பாவில் பெருவாரியாகக் கிளம்பிற்று. இத்தாலியர் அதற்குப் பிரெஞ்சு நோய் என்று பெயரிட்டார்கள். பிரெஞ்சுக்காரர் அதை நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். ருஷ்யர் போலந்து நோய் என்றார்கள். துருக்கியர் பரங்கியர் நோய் என்றார்கள். துருக்கி மொழியில் இன்றைக்கும் அதற்குப் பிரெங்கி என்றே பெயர். வாஸ்கோ ட காமா 1498-ல் கள்ளிக்கோட்டைக் கரையில் இறங்கியதற்குப் பிறகு, 16-ம் நூற்றாண்டில் எழுந்த பாவப்பிரகாசம் என்னும் வடமொழி வைத்திய நூல் இதைப் பிரங்க ரோகம் என்று குறித்தது. நம் நாட்டு வைத்தியர் பரங்கிப் புண் என்றார்கள். அதற்கு மருந்தாகச் சீனத்திலிருந்து வந்த கிழங்கு, நாட்டு மருந்துக் கடைகளில் இன்னும் பரங்கிப்பட்டை என்ற பெயரிலேயே விலையாகிறது. பரங்கிப்பேட்டை அன்பர்கள் இதைப் படித்து மனங்கோண வேண்டாம். ஊருக்கும் நோய்க்கும் பெயர் கொடுத்தவன் ஒருவன்தானே தவிர, மற்றபடி இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

ஆக, ஐந்நூறு ஆண்டுகளாக ஒவ்வொரு நாட்டாரும் இதை அடுத்த நாட்டார் தலையில் கட்டியே வந்திருக்கிறார்கள். நம் கடைத்தெருப் பேச்சிலும் அப்படித்தான். கப்பல்காரன் நோய், கூலிக்காரன் நோய், அந்தத் தெருப் பெண்களின் நோய் என்று சொல்லிவிட்டால், தொழுகையாளியும் சங்கத்து அங்கத்தினருமான நமக்கு அதில் பங்கில்லை என்று ஒரு நிம்மதி. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி 2022-ம் ஆண்டில் மட்டும் 15 வயதுக்கும் 49 வயதுக்கும் இடைப்பட்டவர்களில் 80 லட்சம் பேருக்குப் புதிதாக இந்நோய் தொற்றியது. அத்தனை பேரும் கப்பல்காரர்கள் அல்லர்.

நோய்க்குக் காரணம் ஒரு கிருமி. 1905-ம் ஆண்டில் ஜெர்மனியில் ஷௌடின், ஹோஃப்மன் என்ற இருவர் அதைக் கண்டுபிடித்தார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் மெல்லிய திருகு போல நெளியும். சரீரத்துக்கு வெளியே வெகு நேரம் உயிரோடிராது, காய்ந்தால் செத்துவிடும். ஆகையால் ஒருவர் புண்ணிலிருந்து இன்னொருவருடைய மெல்லிய தோலுக்கோ கண்ணுக்குத் தெரியாத சிறு கீறலுக்கோ நேராகப் போனால்தான் அது பிழைக்கும். உடலுறவே முக்கியமான வழி. வாயில் புண் இருந்தால் வாய் வழியாகவும் தொற்றும். அடுத்த வழி, கர்ப்பிணியின் இரத்தத்திலிருந்து வயிற்றிலுள்ள சிசுவுக்கு.

கிருமி புகுந்து 10 நாள் முதல் 90 நாளுக்குள், பெரும்பாலும் மூன்று வாரத்தில், புகுந்த இடத்தில் ஒரு புண் தோன்றும். மர்ம உறுப்பில், ஆசனவாயில், சிலருக்கு உதட்டிலோ வாய்க்குள்ளோ வரும். ஓரம் தடித்து, தொட்டால் கெட்டியாக இருக்கும். பெரும்பாலும் ஒன்றுதான், சிலருக்கு இரண்டு மூன்றும் வரும். அரையில் நெறி கட்டும். இவ்வளவு இருந்தும் வலி இராது. வலியில்லாத புண்ணை யார் லட்சியம் செய்கிறார்கள்? கடையில் பெட்டி பிரிக்கும்போது விரலில் ஆணி குத்தினால் டாக்டரிடம் ஓடுகிற மனிதர், இதை வியர்க்குரு என்பார், சூட்டுக் கொப்புளம் என்பார். பெண்களுக்கு அது உள்ளுக்குள்ளேயே வருவதால் கண்ணிலேயே படாமல் போவதும் உண்டு.

மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் அந்தப் புண் தானாகவே ஆறிவிடும். இந்த ஒரு சங்கதியை வாசகர்கள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மருந்து போட்டாலும் ஆறும், போடாவிட்டாலும் ஆறும். அந்த ஆறு வாரத்துக்குள் ஒருவர் எதைச் சாப்பிட்டாரோ, எதைத் தடவினாரோ, அதற்கே குணப்படுத்திய பெருமை போய்ச் சேருகிறது. பரங்கிப்பட்டைச் சூரணம் சாப்பிட்டவர் சூரணத்தின் மகிமை என்கிறார். களிம்பு தடவியவர் களிம்பைப் புகழ்கிறார். ஓதிய தண்ணீர் குடித்தவர் அதனால்தான் என்கிறார். பிறகு அதே யோகத்தைத் தம்பிமாருக்கும் சிநேகிதருக்கும் ரகசியமாகச் சொல்லிக் கொடுக்கிறார். மேலே பார்த்தால் தோல் மூடிவிட்டது. கிருமியோ இரத்தத்தில் கலந்து சரீரம் முழுவதும் குடியேறிவிட்டது.

சில வாரமோ சில மாதமோ சென்றபின் இரண்டாவது கட்டம் வரும். மேலெல்லாம் செந்நிறத் தடிப்புகள். முக்கியமாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வரும்; பெரும்பாலும் அரிப்பு இராது. காய்ச்சல், தொண்டைப் புண், நெறிக்கட்டு, மயிர் திட்டுத் திட்டாக உதிர்தல், வாயிலும் மறைவிடங்களிலும் ஈரமான தடிப்புகள் எல்லாம் உண்டு. இந்த ஈரத் தடிப்புகள் மிகவும் தொற்றக்கூடியவை. கருவாடு ஒத்துக்கொள்ளவில்லை, இறால் ஒத்துக்கொள்ளவில்லை, சவர்க்காரம் மாற்றினேன் என்று இதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும். இதுவும் தானாகவே மறையும்.

அதன் பிறகு சந்தடி இல்லை. ஆண்டுக்கணக்கில் ஒரு குறியும் வெளியே தெரியாது. கிட்டங்கியில் கறையான் புகுந்தால் அரிசி மூட்டை நிற்கிறபடியே நிற்கும். கையை வைத்துத் தூக்கும்போதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும். சிகிச்சை பெறாதவர்களில் எல்லோருக்கும் அல்ல, ஒரு பகுதியினருக்கு, 10 முதல் 30 ஆண்டு கழிந்த பிறகு அது இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக் குழாயையோ, மூளையையோ, எலும்பையோ தாக்கும். நடை தள்ளாடுவது, புத்தி பேதலிப்பது, பக்கவாதம், இரத்தக் குழாய் வீங்கித் திடீர் மரணம் என்று முடியும். கண்ணையும் காதையும் மூளையையும் கிருமி தொடக்கத்திலேயே தாக்குவதும் உண்டு. பார்வை மங்கினாலோ காது மந்தமானாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தாயும் சிசுவும்

ஒருவர் தம் சரீரத்தைக் கெடுத்துக்கொள்வது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ள கணக்கு என்று விட்டுவிடலாம் என்பார் உண்டு. இந்த நோயில் அப்படி விட முடியாது.

ஒரு சபுராளியை நினைத்துக்கொள்வோம். மனைவியை ஊரில் விட்டுவிட்டு இரண்டாண்டு இங்கே கடையில் தங்குகிறார். அல்லது இங்கேயே குடும்பத்தோடு இருந்து, சரக்கு எடுக்கப் பாங்காக்குக்கும் குவாங்சோவுக்கும் போய் வருகிறார். எங்கோ ஓரிடத்தில் தவறிவிட்டார். புண் வந்தது, ஆறியது. மறந்தும் போனார், உண்மையாகவே தௌபாச் செய்து திருந்தியும் விட்டார். வீடு திரும்புகிறார். ஒரு பாவமும் அறியாத மனைவிக்கு நோய் தொற்றுகிறது. அந்த அம்மாளுக்கும் வலியில்லை, ஒன்றும் தெரியவில்லை. கர்ப்பமாகிறார். கரு கலைகிறது. அடுத்தது குறை மாதத்தில் இறந்து பிறக்கிறது. அதற்கடுத்தது உயிரோடு பிறந்து, மூக்கடைப்பும் மேலெல்லாம் புண்ணுமாகச் சில நாள் இருந்து மௌத்தாகிறது.

அப்போது வீட்டில் நடக்கிற பேச்சு எல்லோருக்கும் தெரிந்ததே. மருமகள் வயிறு சரியில்லை, அவள் கால் வைத்த நேரம் சரியில்லை என்பார்கள். தாயத்துக் கட்டுவார்கள், தர்காவுக்கு நேர்ச்சை வைப்பார்கள். மாமியார் மகனுக்கு வேறு பெண் பார்க்கத் தொடங்குவார். துஆவை நாம் குறைத்துப் பேசவில்லை; கேட்கட்டும். ஆனால் அந்த வீட்டில் ஒருவராவது கணவனைப் பார்த்து, நீ போய் இரத்தம் சோதித்துக்கொண்டு வா என்று சொன்னதுண்டா? கணவனுக்கு மட்டும் பழைய புண் ஞாபகத்துக்கு வருகிறது. வெட்கத்தினால் வாய் திறக்காமலிருக்கிறார். தம் மௌனத்துக்கு விலையாக அந்தப் பெண் பழி சுமக்கிறாள் என்பதை அறிந்தும் இருந்தால், முதலில் செய்த தவறை விட இது பெரிது என்பது எங்கள் எண்ணம்.

சிகிச்சை பெறாத தாய்மாருக்குப் பிறக்கும் சிசுக்களில் நூற்றுக்கு 40 வரை இறந்தே பிறக்கவோ பிறந்த சில நாளில் இறக்கவோ கூடும் என்று மருத்துவர் கணக்கிட்டிருக்கிறார்கள். பிழைத்த பிள்ளைகளுக்கும் பின்னால் பல் கூர் மழுங்கி வளைந்து முளைப்பது, கண் பூவிழுவது, காது கேளாமற் போவது எல்லாம் நேரும். 2022-ம் ஆண்டில் உலகம் முழுவதிலும் 7 லட்சம் கர்ப்பங்களில் இந்நோய் சிசுவுக்குச் சென்றதாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்தது. இவ்வளவும் தடுக்கக் கூடியது என்பதே வயிற்றெரிச்சல். கர்ப்பிணிக்கு வேளையோடு, பிரசவத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பாக, பெனிசிலின் ஊசி முறைப்படி போட்டு முடித்தால் சிசு பெரும்பாலும் தப்பிவிடும்.

மலேசியா இதில் நல்ல பெயர் எடுத்த நாடு. தாயிடமிருந்து சிசுவுக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சனை என்ற அளவில் ஒழித்துவிட்டதாக 2018-ம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் அந்நாட்டுக்குச் சான்று கொடுத்தது. இது மந்திரத்தால் நடந்ததல்ல. கிளினிக் கெசிஹாத்தானுக்கு வருகிற ஒவ்வொரு கர்ப்பிணியின் இரத்தத்தையும் தாதிமார் சோதித்ததால் நடந்தது. சிங்கப்பூரிலும் கர்ப்பிணிகளுக்கு இச்சோதனை வழக்கமாகச் செய்யப்படுகிறது. ஆகவே, கர்ப்பமென்று தெரிந்தவுடன் பெண்களைக் கிளினிக்கில் பதிவு செய்ய வேண்டும். ஐந்தாம் மாதம் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப் போடுவது சரியல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கை. வி.டி.ஆர்.எல். என்ற முதல் சோதனை சில வேளை நோயில்லாதவருக்கும் நோய் இருப்பதுபோலக் காட்டும். கர்ப்பத்திலேயே அப்படிக் காட்டுவதுண்டு. மலேரியா, தொழுநோய், வேறு சில வாத நோய்களிலும் காட்டும். அதனால்தான் இரண்டாவதாக டி.பி.எச்.ஏ. போன்ற உறுதிச் சோதனை செய்கிறார்கள். முதல் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைச் சந்தேகிக்கிற கணவன்மாரும், பெரியவர்களைக் கூட்டுகிற வீடுகளும் இதை அறிய வேண்டும். உறுதிச் சோதனையிலும் நோய் இருப்பதாகவே வந்தாலும், அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று காகிதம் சொல்லாது. அந்த நேரத்தில் தலாக் என்ற சொல் வாயில் வரக்கூடாது. கணவனும் மனைவியும் ஒன்றாகப் போய் ஊசி போட்டுக்கொள்வதே முறை.

மருந்து

பழைய காலத்தில் ரசத்தைக் கொடுத்தார்கள். வீரம், ரசகற்பூரம் என்று பெயர் மாறினாலும் எல்லாம் பாதரசக் கூட்டே. நோயாளிக்கு வாய் வெந்து, பல் ஆடி, எச்சில் ஒழுகும். நோய் தீருமுன் ஆள் தீர்ந்துவிடுவதும் உண்டு. 1910-ம் ஆண்டில் ஜெர்மானியரான பால் எர்லிக்கும் அவருக்குத் துணையாயிருந்த ஜப்பானியரான ஹாத்தாவும் 606 என்ற பாஷாண மருந்தை வெளியிட்டார்கள். அதுவே அப்போது பெரிய அதிசயம். 1943-ல் அமெரிக்க டாக்டர் மஹோனி நான்கு நோயாளிகளுக்குப் பெனிசிலின் கொடுத்துக் குணங்கண்டார். அன்றிலிருந்து இன்றுவரை அதுவே மருந்து. எத்தனையோ கிருமிகள் மருந்துக்குப் பழகித் தப்பிக்கின்றன. வெட்டை நோய்க் கிருமி அப்படிப் பழகிவிட்டது. சிபிலிஸ் கிருமி மட்டும் பெனிசிலினுக்கு இன்னும் தலைவணங்கியே நிற்கிறது.

நோய் தொற்றி ஓராண்டுக்குள் இருந்தால் பென்சதீன் பெனிசிலின் 24 லட்சம் யூனிட் ஒரே வேளையில் புட்டத்தில் ஊசியாகப் போடுவார்கள். அதற்கு மேற்பட்டதாகவோ, எப்போது வந்ததென்று தெரியாததாகவோ இருந்தால் வாரத்துக்கொன்றாக மூன்று வாரம். மூளையையோ கண்ணையோ தாக்கியிருந்தால் ஆஸ்பத்திரியில் வைத்து நரம்பு வழியாக ஏற்றுவார்கள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு டாக்சிசைக்ளின் போன்ற வேறு மருந்து உண்டு, கர்ப்பிணி நீங்கலாக. கர்ப்பிணிக்குப் பெனிசிலினையே ஆஸ்பத்திரியில் வைத்துச் சிறிது சிறிதாகப் பழக்கிக் கொடுப்பார்கள். ஊசி போட்ட அன்று சிலருக்குக் குளிர் காய்ச்சலும் தலைவலியும் வரும். கிருமி கூட்டமாகச் சாவதால் வருவது அது. ஒரு நாளில் தணிந்துவிடும். ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து இரண்டாம் ஊசிக்குப் போகாமல் நின்றுவிடக்கூடாது. மூச்சுத் திணறலோ முகம் வீங்குவதோ இருந்தால் அது வேறு. உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

இவ்வளவு எளிதான சிகிச்சை இருக்க, கள்ளத்தனமாகக் கிடைக்கிற மாத்திரைகளை நான்கு வாங்கி இரண்டு நாள் விழுங்குகிற பழக்கம் இருக்கிறதே, அதைக் கண்டிக்காமல் விட முடியாது. அரைகுறை மருந்து நோயைத் தீர்க்காது, குறிகளை மட்டும் மறைக்கும். நம்மில் நாட்டு மருந்துச் சரக்கும், பலசரக்கோடு சில்லறை மருந்துகளும் விற்பவர்கள் இருக்கிறார்கள். மறைவாக வந்து கேட்கிறவரிடம் பொட்டலம் கட்டிக் கொடுத்து நாலு வெள்ளி வாங்குவது எளிது. தூசி கலந்த மிளகை விற்பது மோசடி என்று ஒப்புக்கொள்கிற வியாபாரி, தீராத நோய்க்குத் தீரும் மருந்தென்று விற்பதை என்னவென்று சொல்வார்? டாக்டரிடம் போங்கள் என்று திருப்பி அனுப்புவதில் நாலு வெள்ளிதான் நஷ்டம்.

வியாபாரிகளுக்குக் கணக்கு பிடிக்குமாதலால், சோதனைக் காகிதத்தில் வரும் எண்களையும் விளக்கிவிடுகிறோம். 1:32 என்று இருந்தால், இரத்தத்தின் தெளிநீரை 32 மடங்கு நீர்க்கச் செய்தும் சோதனை பிடித்தது என்று பொருள். சிகிச்சைக்குப் பின் இந்த எண் இறங்க வேண்டும். ஓராண்டுக்குள் நான்கில் ஒரு பங்காகவாவது, அதாவது 1:32 இருந்தது 1:8 ஆகவாவது குறைந்தால் மருந்து வேலை செய்தது என்று டாக்டர் கொள்வார். குறைந்திருந்தது மறுபடியும் நான்கு மடங்கு ஏறினால், புதிதாகத் தொற்றியிருக்கலாம். ஏனெனில் ஒரு முறை வந்தவருக்கு இது மறுமுறை வராது என்பதில்லை. உறுதிச் சோதனையோ பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நோய் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும். குணமானவர் அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. ஆனால் ஊசி போட்ட தேதி, அளவு, எண்கள் ஆகியவை எழுதிய காகிதத்தைக் கடைப் பத்திரத்தைப் போலப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பின்னால் வேறு ஊரில் வேறு டாக்டர் கேட்பார்.

பயமும் ஒதுக்கலும்

இந்த நோய்க்காரரோடு ஒரே சஹனில் சாப்பிடலாமா என்பது நம் சமுதாயத்தில் இயல்பாக எழும் கேள்வி. சாப்பிடலாம்; சாப்பாட்டுத் தட்டு வழியாக இது வருவதில்லை. பள்ளிவாசல் ஹவுளில் ஒளுச் செய்வதாலும், ஒரே பாயில் தொழுவதாலும், முஸாபஹாச் செய்வதாலும், கழிப்பிடம், துணிமணி இவற்றாலும் வராது. வாயில் புண் உள்ளவரை முத்தமிடுவது மட்டும் ஆகாது. அதனால் அவருக்குச் சிகிச்சை முடியும்வரை பச்சைப் பிள்ளைகளைக் கொஞ்சாமல் இருப்பது நல்லது.

கடைச் சிப்பந்திகள் விஷயம் முதலாளிமார் யோசிக்க வேண்டியது. மலேசியாவில் வெளிநாட்டுத் தொழிலாளருக்கு நடக்கும் கட்டாய மருத்துவப் பரிசோதனையில் இதற்கான இரத்தச் சோதனையும் உண்டு. வேலை போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே காரணம் கேட்பார்கள் என்ற பயத்தில் பையன்கள் நோயை மறைக்கிறார்கள். மறைக்கிற நோய்தான் பரவுகிறது. ஒரு பையன் மனம் விட்டு வந்து சொன்னால், கடை முழுவதும் தெரியும்படி ஏசாமல், அவனைத் தனியே டாக்டரிடம் அனுப்புகிற முதலாளி இருக்கிற கடையில் அடுத்தவனும் சொல்லுவான். ஒருவருடைய குறையை மூடுவது நம் மார்க்கம் வலியுறுத்துகிற குணம். அந்தக் குணத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது என்று எங்களுக்குத் தெரியவில்லை. மூடுவதென்றால் சிகிச்சையையும் சேர்த்து மூடிவிடுவதல்ல.

தடுக்கும் வழியைக் கேட்டால், முதல் விடை நாம் அனைவரும் அறிந்ததே. திருமறை விபசாரத்தை மட்டுமல்ல, அதன் பக்கம் இழுத்துச் செல்லும் வழிகளையும் சேர்த்தே தடுத்திருக்கிறது. கணவனும் மனைவியும் நோயற்றவர்களாய், ஒருவருக்கொருவர் உண்மையாய் இருந்தால் இந்நோய் அவர்களுக்குள் நுழைய இடமில்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள முடியாது, ஏனென்றால் இடறுகிறவர்களும் நம்மவர்களே. ஆணுறை ஆபத்தைப் பெரிதும் குறைக்கும். முற்றும் நீக்காது, உறை மூடாத இடத்தில் புண் இருந்தால் அது தடுக்காது. இதை எழுதுவதால் நாம் தவறுக்கு வழி காட்டுகிறோம் என்று நினைப்பவர்கள், தவறாத மனைவிக்கும் அது காப்பாகும் சந்தர்ப்பம் உண்டு என்பதை எண்ணட்டும். புண் இருக்கும்போது எச்.ஐ.வி. தொற்றுவதும் சுலபமாகிறது, ஆகையால் ஒன்றைச் சோதிக்கப் போகிறவர் மற்றதையும் சேர்த்தே சோதித்துக்கொள்ள வேண்டும்.

சிகிச்சையில் இருக்கிறவர் புண்கள் முற்றும் ஆறி, துணைவிக்கும் சிகிச்சை முடிந்து, டாக்டர் அனுமதி கொடுக்கும்வரை தாம்பத்தியத்திலிருந்து விலகியிருக்க வேண்டும். தொடக்க நிலையில் நோயுள்ளவரோடு கடந்த 90 நாளுக்குள் உறவிருந்தவருக்கு, சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் ஊசி போட்டுவிடுவது மருத்துவ வழக்கம். ஏனெனில் முதற்சில வாரங்களில் சோதனை பிடிக்காது. சந்தேகமுள்ளவர் ஒரு சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்ததோடு திருப்தியடையாமல், மூன்று மாதம் கழித்து மறுமுறையும் பார்ப்பது நல்லது.

நிக்காஹ் பேசும் வீட்டார் கவனத்துக்கும் ஒன்று. மலேசியாவில் முஸ்லிம் மணமக்கள் நிக்காஹுக்கு முன் எச்.ஐ.வி. சோதனை செய்துகொள்ளும் முறை 2001-ம் ஆண்டில் ஜொகூரில் ஆரம்பித்துப் பிற மாநிலங்களுக்கும் பரவியது. அந்தக் காகிதம் கையில் இருக்கிறதே, மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். எச்.ஐ.வி. சோதனை சிபிலிஸைக் காட்டாது. இரத்தம் எடுக்கும்போதே இதையும் பாருங்கள் என்று கேட்டால் ஆயிற்று. மஹர் எவ்வளவு, வலிமா எங்கே, எத்தனை சஹன் என்று ஒரு மாதம் பேசுகிற நாம், இரண்டு குடும்பத்தாரும் மனம் நோகாமல் இதையும் ஒரு வழக்கமாக்கிக்கொள்ளலாம். இரு தரப்பாரும் செய்வதென்றால் யாருக்கும் அவமானமில்லை.

சிங்கப்பூரில் போருக்குப் பின் பல்லாண்டுகள் மிடில் ரோடு ஆஸ்பத்திரிதான் இவ்வியாதிகளைப் பார்த்து வந்தது. அந்தப் பெயரைச் சொல்லவே அக்காலத்து ஆட்கள் குரலைத் தாழ்த்துவார்கள். 1988-ல் தேசியத் தோல் நிலையம் ஏற்பட்டது. அதைச் சேர்ந்த டி.எஸ்.சி. கிளினிக் பால்வினை நோய்களுக்கென்றே இருக்கிறது. அங்கே போக மனமில்லாதவர் தாம் வழக்கமாகப் பார்க்கும் குடும்ப டாக்டரிடமோ, பாலிகிளினிக்கிலோ கேட்கலாம். மலேசியாவில் எந்தக் கிளினிக் கெசிஹாத்தானிலும், அரசாங்க ஆஸ்பத்திரியிலும், தனியார் டாக்டரிடமும் இந்தச் சோதனை செய்துகொள்ளலாம். இரண்டு நாட்டிலும் டாக்டர் இந்நோயை அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அது நோய் பரவாமல் பார்ப்பதற்காக. சங்கத்துக்கோ பள்ளிவாசலுக்கோ முதலாளிக்கோ அங்கிருந்து கடிதம் வராது. டாக்டரிடம் போகும்போது, எப்போது புண் வந்தது, எப்போது ஆறியது, இதற்குள் என்னென்ன மருந்து சாப்பிட்டது என்ற மூன்றையும் மறைக்காமல் சொன்னால், ஓர் ஊசியா மூன்று ஊசியா என்பதை அவர் தீர்மானித்துக்கொள்வார்.